கடினமான சொல் போட்டால் கல்விசார் நடை வந்துவிடுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட வகையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். முதுகலை முதலாண்டில் நீங்கள் கொடுத்த கட்டுரை "கல்விசார் நடையில் இல்லை" என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. எங்கே குறை என்று அதில் எழுதவில்லை. அதனால் கல்விசார் எழுத்தின் இயல்பு என்ன, மொழி எப்படி இருக்க வேண்டும், அமைப்பு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், எளிய சொற்களை எடுத்துவிட்டு இலக்கியத் தமிழ்ச் சொற்களைப் போட்டால் சரியாகிவிடுமா என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. சரியாகாது. பல சமயம் இன்னும் மோசமாகும்.

20 ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களின் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் படித்துத் திருத்தி வருகிறேன், பெரும்பாலும் மொழியும் சமூக அறிவியலும் சார்ந்தவை. கணிதம், சட்டம் போன்ற துறைகளுக்கென்று தனி எழுத்து மரபு உண்டு. நான் சொல்வதை அங்கே அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. ஆய்வுக் கட்டுரையைப் படிப்பவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் மனதுக்குள் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வருகிறார்: இதைச் சொல்வது யார், அவர் இதை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்? இந்த இரண்டுக்கும் வாக்கியத்திலேயே விடை இருந்தால், பேச்சுச் சொல் ஒன்றிரண்டு நடுவில் வந்தால்கூட அது கல்விசார் எழுத்துத்தான். விடை இல்லையென்றால், சங்கப் பாடலிலிருந்தே சொல் எடுத்துப் போட்டாலும் அது மேடைப் பேச்சு.

ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம். நீங்கள் 40 மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தீர்கள். இரவில் கைபேசி பார்ப்பதால் தூக்கம் குறைகிறது என்று 26 பேர் எழுதினார்கள். இப்போது "கைபேசி மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது யாவரும் அறிந்ததே" என்று எழுதினால், யார் சொன்னது என்பது போய்விட்டது, அளவும் போய்விட்டது. "26 பேர், அதாவது 65 விழுக்காட்டினர், தூக்கம் குறைவதாகத் தெரிவித்தனர்" என்பது தரவு. அதை யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் தெரிவித்தார்கள் என்று மட்டும்தான் சொல்கிறீர்கள். "கைபேசிப் பயன்பாட்டுக்கும் தூக்கக் குறைவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும்" என்பது உங்கள் அனுமானம், அதுவும் எல்லை தெரிந்த அனுமானம். "கைபேசியே தூக்கக் குறைவுக்குக் காரணம்" என்று எழுத உங்கள் கையில் ஆதாரம் இல்லை. தூக்கம் வராததால் கைபேசியை எடுத்தவர்களும் அந்த 26 பேரில் இருக்கலாம் அல்லவா? 'தெரிவித்தனர்', 'கூடும்', 'காரணம்' என்ற மூன்று இடங்களையும் கலக்காமல் எழுதுவதுதான் நடையில் பெரும்பகுதி. கட்டுரைகள் திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்தக் கலப்பால்தான்.

தமிழில் இதற்கான கருவிகள் நிறையவே இருக்கின்றன. 'ஆகும்', 'ஆகலாம்', 'ஆகக்கூடும்', 'எனத் தோன்றுகிறது', 'எனக் கருத இடமுண்டு' என்று உறுதியின் படிகள் ஒவ்வொன்றுக்கும் சொல் வைத்திருக்கிறோம். ஆனால் மாணவர்கள் எல்லா வாக்கியத்தையும் 'ஆகும்' என்றே முடிக்கிறார்கள், அல்லது பயந்துபோய் எல்லாவற்றையும் 'எனலாம்' என்று முடிக்கிறார்கள். நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் எனலாம் என்று ஒருவர் எழுதினால், அவர் எதையும் எடைபோடவில்லை என்றுதான் பொருள். ஆதாரம் எவ்வளவோ அவ்வளவு உறுதி, அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்.

பிறர் கருத்தைச் சொல்லும் வினைச்சொல்லிலும் இதே கவனம் வேண்டும். 'கூறுகிறார்' என்றால் நீங்கள் பக்கம் சாரவில்லை. 'வாதிடுகிறார்' என்றால் அந்தக் கருத்துக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று சொல்கிறீர்கள். 'நிறுவுகிறார்' என்று எழுதிவிட்டால் அவர் சொன்னதை நீங்களும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்! இரண்டு பக்கம் தள்ளி அதே கருத்தை மறுத்தால், முன்பு நிறுவியதாகச் சொன்னீர்களே என்று தேர்வாளர் கேட்பார். 'சுட்டுகிறார்', 'ஐயுறுகிறார்', 'முன்வைக்கிறார்' எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும் சொற்கள் இல்லை. ஒரே சொல் திரும்ப வருகிறதே என்று அலங்காரத்துக்காக மாற்றாதீர்கள். பொருள் மாறும்போது மட்டும் மாற்றுங்கள்.

அப்புறம் 'என்பர்', 'என்று கூறப்படுகிறது', 'அறிஞர்கள் கருதுகின்றனர்' போன்றவை. எந்த அறிஞர்கள்? பெயர் தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் அந்த வாக்கியமே வேண்டாம். 'என்றால் மிகையாகாது', 'என்பதில் ஐயமில்லை', 'வெள்ளிடைமலை', 'என்பது குறிப்பிடத்தக்கது' ஆகிய நான்கையும் உங்கள் கட்டுரையில் தேடிப் பாருங்கள். இருக்கும் இடத்தில் எல்லாம் அநேகமாக ஓர் ஆதாரம் விடுபட்டிருக்கும். ஐயமில்லை என்று எழுத வேண்டியிருக்கிறது என்றாலே எங்கோ ஐயம் இருக்கிறது.

வாக்கிய அமைப்பில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு, ஆங்கிலப் பாடநூல்களைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, 'என்று' என்பதும் கடைசியில் வருகிறது. அதனால் ஆறு வரிக்கு ஒரு கருத்தை எழுதி, முடிவில் "என்று இன்னார் கூறுகிறார்" என்று போட்டால், வாசகர் அந்த ஆறு வரியையும் உங்கள் கருத்தாகவே படித்துவிட்டு, கடைசியில் மனதுக்குள் எல்லாவற்றையும் திரும்ப மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. கருத்துக்குரியவரின் பெயரை முன்னால் வையுங்கள்: "இன்னார் தம் கட்டுரையில் இரண்டு காரணங்களைக் கூறுகிறார். முதலாவது..." என்று தொடங்கி, வாக்கியத்தை உடைத்துவிடுங்கள். ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நான்கு பெயரெச்சங்களை அடுக்குவதும் இதே வகைக் கோளாறுதான். நீளமான வாக்கியம் குற்றமில்லை, ஆனால் எழுவாய் எது என்று தேட வைக்கக் கூடாது.

இனி அமைப்பு. பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று படித்தோம். அது மோசமான சட்டகம் இல்லை, ஆனால் முன்னுரையில் "மனிதன் தோன்றிய காலம் முதல்" என்று தொடங்கும் பழக்கத்தையும் அது கூடவே கொடுத்துவிட்டது. ஆய்வுக் கட்டுரையின் முன்னுரைக்கு ஒரு வேலை இருக்கிறது. ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் நிறைய ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் மூன்று நகர்வுகள் இருப்பதாக 1990இல் விளக்கினார். முதலில் இந்தக் களத்தில் இதுவரை என்ன தெரியும் என்று காட்டுவது, அடுத்து அதில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று சுட்டுவது, மூன்றாவதாக அந்த இடைவெளியில் இந்தக் கட்டுரை என்ன செய்யப்போகிறது என்று சொல்வது. மாணவர் கட்டுரைகளில் நான் அதிகம் காணாதது அந்த நடு நகர்வு. முதலாவது மூன்று பக்கத்துக்கு ஓடும், மூன்றாவது "இக்கட்டுரை ஆராய்கிறது" என்று ஒரு வரியில் வந்துவிடும், ஆனால் ஏன் ஆராய வேண்டும் என்பதற்கு விடையே இருக்காது. உங்கள் முன்னுரையில் 'ஆனால்' அல்லது 'எனினும்' என்று ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இடைவெளி அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் வரும்.

அறிவியல், மருத்துவம், சமூக அறிவியலின் ஒரு பகுதி ஆகியவற்றில் முன்னுரை, ஆய்வு முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி அமைப்பு வழக்கில் இருக்கிறது. இது ஆதி காலத்திலிருந்து வந்த விதி என்று நினைக்க வேண்டாம். 1665இல் பாரிஸிலும் லண்டனிலும் முதல் அறிவியல் இதழ்கள் வந்தபோது அவற்றில் பல கட்டுரைகள் கடித வடிவில் இருந்தன. நான்கு பகுதி அமைப்பு 20ஆம் நூற்றாண்டில் மெல்லப் பரவி, 1980களில்தான் மருத்துவ இதழ்களில் கிட்டத்தட்ட ஒரே அமைப்பாக நிலைத்தது. இதில் மாணவர்கள் இடறும் இடம் முடிவுகளுக்கும் விவாதத்துக்கும் நடுவில். "26 பேர் தெரிவித்தனர்" என்பது முடிவு. அது ஏன் அப்படி, முந்தைய ஆய்வோடு எப்படிப் பொருந்துகிறது, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதெல்லாம் விவாதம். அங்கே உங்கள் ஆய்வின் எல்லைகளை நீங்களே சொல்லிவிடுங்கள். 40 பேர் மட்டும், அவர்களே தெரிவித்தது மட்டும், ஒரே கல்லூரி என்று வெளிப்படையாக எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை நடப்பது நேர்மாறு.

இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற துறைகளில் இந்தச் சட்டகம் கிடையாது. அங்கே வாதமே அமைப்பு. ஒரு இயல் அடுத்த இயலை ஏன் தேவையாக்குகிறது என்று காட்ட வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று: ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்து வரிசையாக எழுதிப் படியுங்கள். அந்த வரிசையே ஒரு வாதமாக ஓடினால் அமைப்பு சரி. எந்த இரண்டை இடம் மாற்றினாலும் ஒன்றும் கெடவில்லை என்றால், அது வாதம் இல்லை, தகவல் குவியல்.

முன்னாய்வுகளைப் பற்றி எழுதும் பகுதிக்கு நான் மாணவர்களிடம் எடுத்துக்காட்டுவது 13ஆம் நூற்றாண்டு நன்னூலைத்தான். அதன் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஏழு மதம் உண்டு என்கிறார், மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு. பிறர் கருத்தோடு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் உடன்பட்டுப் பின் மறுக்கலாம், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், பிறரோடு சேராமல் தன் கொள்கையைக் கொள்ளலாம். முன்னாய்வுப் பகுதியில் ஓர் ஆய்வாளர் எடுக்கக்கூடிய நிலைப்பாடுகளை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன இடம் எனக்குத் தெரியாது. மாணவர்கள் செய்வது என்ன? "இன்னார் இப்படிக் கூறுகிறார், இன்னொருவர் அப்படிக் கூறுகிறார், மற்றொருவர் வேறு விதமாகக் கூறுகிறார்" என்று 20 பேரை வரிசையில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஏழில் ஒன்றுகூட அதில் இல்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சொல் எழுதிப் பாருங்கள், அந்தப் பகுதி தானாகவே உருமாறும். அதே பாயிரத்தில் பத்துக் குற்றங்களும் வருகின்றன. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் மூன்றும் எல்லோரும் செய்வது. 'சென்று தேய்ந்திறுதல்' என்பதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், முதல் இயலில் பொங்கிக் கடைசி இயலில் மூன்று பக்கத்தோடு வற்றிப்போன ஆய்வேடுகளை அத்தனை பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் நேரம்தான். முதல் இயலை மெருகேற்றிக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். விவாதப் பகுதியை முதலில் வரைவாக எழுதி, முன்னுரையைப் பிறகு எழுதுங்கள். ஆய்வுச் சுருக்கத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதுங்கள்.

மேற்கோள் முறை பற்றி அதிகம் கவலைப்படுகிறீர்கள், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, துறை எதைச் சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். ஆனால் ஏன் இத்தனை முறைகள் என்று தெரிந்தால் நினைவில் நிற்கும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறை பெயரோடு ஆண்டைப் போடச் சொல்கிறது, அங்கே கருத்து எவ்வளவு புதியது என்பது முக்கியம். இலக்கியத் துறையில் பரவலாக உள்ள எம்எல்ஏ முறை பெயரோடு பக்க எண்ணைப் போடச் சொல்கிறது, அங்கே எந்த வரியைப் படித்தீர்கள் என்பது முக்கியம். மருத்துவத்தில் வான்கூவர் முறை வெறும் எண்தான். நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் துணைநூற்பட்டியலில் குழப்பம் வரும். மேற்கோள் மென்பொருள்கள் தலைப்பெழுத்தையோ தந்தை பெயரையோ குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். இயற்பெயரில் அகரவரிசைப்படுத்தித் தலைப்பெழுத்தைப் பின்னால் போடுங்கள், கட்டுரை முழுக்க அதே முறையில் போடுங்கள்.

கருத்துத் திருட்டு பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். ஒரு பத்தியை எடுத்து 'மாணவர்' என்பதை 'கற்போர்' என்றும் 'முக்கியம்' என்பதை 'இன்றியமையாதது' என்றும் மாற்றிவிட்டால் அது உங்கள் எழுத்து ஆகாது, அடியில் பெயர் போட்டாலும் ஆகாது. புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு நண்பருக்குச் சொல்வதுபோல உங்கள் சொற்களில் எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள், பிறகு ஆதாரத்தைக் குறியுங்கள். அப்படி எழுத வரவில்லை என்றால் அந்தப் பகுதி இன்னும் புரியவில்லை. மென்பொருள் காட்டும் ஒப்புமை விழுக்காட்டை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஒழுங்காக மேற்கோள் குறியிட்ட பகுதியும் அதில் கூடலாம், மொழிபெயர்த்துத் திருடியது கணக்கில் வராமலே போகலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதாக இருந்தால் உங்கள் துறை அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அவை இல்லாத கட்டுரைகளுக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் சேர்த்து ஆதாரம் கொடுப்பது உண்டு. நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. ஆளுக்கு ஆள் கருத்து மாறுகிற விஷயங்களும் உண்டு. 'நான்' என்று எழுதலாமா என்பது அவற்றில் முதலாவது. பலர் கூடவே கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் ஏபிஏ கையேடு, செய்தது நீங்கள் என்றால் தன்மையிலேயே எழுதச் சொல்கிறது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏயின் அமைப்பைப் பற்றி நேச்சர் இதழில் எழுதிய, ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும் கட்டுரை 'நாங்கள்' என்றுதான் தொடங்குகிறது. ஓர் அமைப்பை முன்வைக்க விரும்புகிறோம் என்கிறார்கள். மரபுப்பொருள் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும் வழியை அது சுட்டுகிறது என்ற பெரிய செய்தியையும், இறுதிப் பகுதியில் ஒரே வாக்கியத்தில், ஒரு சாத்தியம் என்ற அளவில் சொல்லி நிறுத்திவிட்டார்கள். என் சொந்தக் கருத்து, "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது, தரவுகள் சேகரிக்கப்பட்டன, முடிவு எட்டப்பட்டது" என்று எல்லாவற்றையும் 'பட்டது' ஆக்குவதில் 'யார்' என்ற முதல் கேள்விக்கான விடை தொலைகிறது. ஆனால் உங்கள் நெறியாளர் தன்மையை விரும்பாதவர் என்றால் 'இவ்வாய்வு' என்று எழுதிக்கொள்ளுங்கள், அதில் சண்டை போட வேண்டியதில்லை. கலைச்சொல்லும் அப்படித்தான். தூய தமிழ்ச் சொல்லா, வழக்கில் உள்ள பிறமொழிச் சொல்லா என்பதில் துறைக்குத் துறை பிடிவாதம் வேறுபடும். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, முதல்முறை வரும்போது வரையறுத்து, கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள் என்பது மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்வது. ஒரே கருத்தைச் 'சமூகமயமாதல்' என்று ஒரு பக்கத்திலும் 'சமுதாயப்படுதல்' என்று அடுத்த பக்கத்திலும் எழுதினால் இரண்டு வேறு கருத்துகள் என்றே படிப்பவர் நினைப்பார்.

திரும்பி வந்த அந்தக் கட்டுரையைப் புதிதாக எழுத வேண்டாம். அச்செடுத்து மூன்று நிறப் பேனாவோடு உட்காருங்கள். பிறர் கருத்து உள்ள வாக்கியங்களுக்கு ஒரு நிறம், தரவுக்கு ஒரு நிறம், உங்கள் அனுமானத்துக்கு ஒரு நிறம். எந்த நிறத்திலும் சேராத வாக்கியங்களை முதலில் எடுத்துவிடுங்கள், அல்லது அவற்றுக்கு ஆதாரம் தேடுங்கள். இரண்டு நிறம் கலந்த வாக்கியங்களைப் பிரித்து எழுதுங்கள். இது ஒரு மாலை வேலைதான். முடித்ததும் அந்தத் தாளோடு நெறியாளரிடம் போய், "எந்தப் பத்தியைப் படித்தபோது நடை சரியில்லை என்று தோன்றியது, ஐயா?" என்று பொதுவாக இல்லாமல் குறிப்பாகக் கேளுங்கள். அவர் சுட்டும் பத்தியை, விருப்பமிருந்தால், கீழே இடுங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.